அனுப்பிய மின்னஞ்சல் எங்கே நிற்கிறது? வைரஸ் வடிகட்டியை நிறுத்த முன்னர் பார்க்கவேண்டியவை

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காகவும் காணி மீட்புக்காகவும் வேலை செய்யும் சிறிய அலுவலகங்களில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: "ஆவணத்தை அனுப்பிட்டம், அவைக்குக் கிடைக்கேல்லையாம்." ஒரு தாயின் சத்தியக்கடதாசியோ காணி உறுதியின் பிரதியோ நடுவழியில் நின்றுவிட்டால், விண்ணப்ப முடிவுத் திகதி காத்திருக்காது.

இதற்கு ஒரு காரணம், மின்னஞ்சல் சேர்வரில் இயங்கும் வைரஸ் வடிகட்டி. அதையே நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. 2000 மே மாதத்தில் 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதம் போல வந்துதான் உலகெங்கும் பரவியது. சாட்சிகளின் பெயர், முகவரி உள்ள கணினிக்குள் அப்படியொன்று புகுந்தால் பாதிக்கப்படுவது அலுவலகம் மட்டுமல்ல.

முதலில், மின்னஞ்சல் எங்கே நின்றது என்று பாருங்கள். பெறுநரின் சேர்வர் மறுத்திருந்தால், அனுப்பியவருக்கு ஓர் அறிவித்தல் திரும்பி வரும். அதிலுள்ள குறியீடு 5 இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. 4 என்றால் தற்காலிகத் தடை. அறிவித்தலே வராவிட்டால், வடிகட்டி அதைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கலாம். பெறுநரின் கணினி நிர்வாகியிடம் தேடச் சொல்லுங்கள். மைக்ரோசொப்ட் 365 இல் இப்படி ஒதுக்கப்பட்டவை வழமையாக 30 நாட்களில் அழிந்துவிடும்.

அடுத்தது, ஏன் நின்றது? கடவுச்சொல் இட்ட ஸிப் கோப்பை வடிகட்டியால் திறந்து பார்க்க முடியாது. பார்க்க முடியாததைத் தடுக்கும்படி பல வடிகட்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. அவதானமாக ஆவணம் அனுப்புபவர்களே இதில் மாட்டுப்படுகிறார்கள். அப்படி அனுப்புவதென்றால் பெறுநரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கொடுங்கள்.

எல்லா மின்னஞ்சல்களும் தாமதமானால், வடிகட்டியே பழுதாகியிருக்கலாம். சொந்த சேர்வர் வைத்திருப்போர் பயன்படுத்தும் இலவச மென்பொருளான கிளாம்ஏவிக்கு ஏறத்தாழ 3 ஜிபி நினைவகம் தேவை. அது போதாமல் நின்றுவிட்டால் மின்னஞ்சல்கள் வரிசையில் தேங்கும். அமைப்பைப் பொறுத்து, சோதிக்கப்படாமலே உள்ளேயும் வரலாம். இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து. ஏனெனில் எல்லாம் ஒழுங்காக வருவதால் ஒருவரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள். ஐகார் எனப்படும் 68 எழுத்துகள் கொண்ட, தீங்கற்ற சோதனைக் கோப்பை அனுப்பி, வடிகட்டி அதைப் பிடிக்கிறதா என்று நிர்வாகியைப் பார்க்கச் சொல்லுங்கள். வைரஸ் பட்டியல் நாளாந்தம் புதுப்பிக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள்.

ஒதுக்கப்பட்ட மின்னஞ்சலை விடுவிக்க முன், அனுப்பியவருக்குத் தொலைபேசி எடுத்து, "நீங்கள்தான் அனுப்பினீங்களோ?" என்று உறுதிப்படுத்துங்கள். நீங்கள் அனுப்புபவரானால், "கிடைத்தது" என்று பதில் வரும்வரை ஆவணம் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கெடுக்க வேண்டாம்.