குரல் மாறினால் மருத்துவச் சீட்டில் என்ன எழுதுகிறார்கள்?

மருத்துவ உதவி கேட்டு வருபவர்களின் சீட்டுகளை நாங்கள் வாங்கிப் படித்துப் பார்ப்பது வழக்கம். தொண்டைக் கோளாறுக்குப் போய் வந்தவர்களின் சீட்டில் குரலைப் பற்றி ஓரிரு ஆங்கிலச் சொற்கள் இருக்கும். அது என்னவென்று கேட்டால், "தொண்டை கட்டியிருக்காம்" என்பார்கள். எல்லாக் குரல் மாற்றத்தையும் நாம் இந்த ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகிறோம். மருத்துவர் எழுதும் சொற்களோ ஒவ்வொன்றும் வெவ்வேறு கோளாறைக் காட்டுபவை.

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் உண்டு. பேசும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டி அதிர்கின்றன. ஆணுக்கு நொடிக்குச் சுமார் 120 தடவை, பெண்ணுக்குச் சுமார் 200 தடவை. அந்த அதிர்வு ஒழுங்கு தவறினால் வரும் கரகரப்புதான் 'ஹோர்ஸ்'. குதிரைக்கும் இதே உச்சரிப்புதான், எழுத்துதான் வேறு. பிள்ளைகள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 'ஹஸ்கி' என்பதும் கரகரத்த குரலே என்றாலும் அது பெரும்பாலும் பாராட்டுச் சொல். பாடகர்களைப் பற்றி அப்படிச் சொல்வார்கள். சீட்டில் வருவது 'ஹோர்ஸ்'தான்.

சளிக் காய்ச்சலோடு வரும் கரகரப்பு ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். மூன்று வாரத்தைத் தாண்டியும் போகவில்லையென்றால் மிட்டாயும் கஷாயமும் போதாது. பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. குரல்நாணில் தோன்றும் புற்றுநோயின் முதல் அடையாளம் பல நேரங்களில் வலியில்லாத இந்தக் கரகரப்புதான். வலிக்கவில்லையே என்று ஆறு மாதம் காத்திருந்துவிட்டு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் அது.

'பிரெத்தி' என்றால் காற்றுக் கலந்த குரல். நாண்கள் முழுதாக மூடாததால் பேச்சோடு காற்றும் கசியும். ஒரு வாக்கியம் முடியுமுன் மூச்சு வாங்கும். தைராய்டு அறுவைக்குப் பின் இப்படி ஆனால் குரல் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அறுவை செய்த மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

'ஸ்ட்ரெய்ன்ட்' என்பது நெரித்துப் பேசும் குரல். நாளெல்லாம் சத்தமாகப் பேசும் ஆசிரியர்கள், கூவி விற்பவர்கள் தொண்டையை இப்படி இறுக்கிப் பழகிவிடுகிறார்கள். அதனால் நாண்களில் காய்ப்புப் போலச் சிறு முடிச்சு விழும். பலருக்குக் குரல் ஓய்வும் பேச்சுப் பயிற்சியுமே போதும். ஓய்வு என்று கிசுகிசுத்துப் பேசுவது தவறு. அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான்.

'நேசல்' என்பதை மூக்கால் பேசுவது என்கிறோம். இதில் இரண்டு வகை உண்டு. மூக்கு அடைத்திருந்தால் 'அம்மா' என்பது ஏறக்குறைய 'அப்பா' என்று கேட்கும். பிள்ளை எப்போதும் இப்படிப் பேசி, வாய் திறந்தே தூங்கினால் அடினாய்டு வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மற்றது, அண்ணப்பிளவு உள்ள பிள்ளைகளுக்கு வருவது. அங்கே காற்று மூக்கு வழியாக அதிகமாக வெளியேறுகிறது.

'மஃபிள்டு' என்று ஒரு சொல் உண்டு. சுடும் உருளைக்கிழங்கை வாயில் வைத்துப் பேசுவது போன்ற குரல். இதோடு காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, மூச்சிழுக்கும்போது சத்தம் ஆகியவை சேர்ந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரமே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

சில சீட்டுகளில் ஜி, ஆர், பி, ஏ, எஸ் என்ற எழுத்துகளுக்கு எதிரே எண்கள் இருக்கும். ஜப்பானில் உருவான அளவுமுறை இது. முதல் எழுத்து மொத்தக் கோளாறு. அடுத்தவை கரகரப்பு, காற்றுக் கசிவு, பலவீனம், இறுக்கம். 0 என்றால் கோளாறில்லை, 3 என்றால் கடுமை.

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகும்போது இவற்றை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்: எத்தனை வாரமாக இப்படி, காலையில் அதிகமா மாலையிலா, என்ன வேலை, புகைப் பழக்கம் உண்டா, கழுத்தில் அறுவை நடந்ததா. மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான்.