சொல்லாத சொல்லுக்குச் சிறைவாசம்

காஞ்சி மாநகரை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், தறியின் ஓசையோடு வானொலியின் ஓசையும் கலந்து கேட்ட காலம் ஒன்றிருந்தது. இன்று அவ்விடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. எங்கோ ஓர் அறையில் ஒலிவாங்கியின் முன்னமர்ந்து ஒருவர் பேசுகிறார். இங்கே தறியில் இருப்பவர் கேட்டுச் சிரிக்கிறார். சிரிக்க வைப்பதே பிழைப்பாகிவிட்ட இக்காலத்தில், "ஹஜ்ரத், இது கூடுமா?" என்று மாணவர்கள் வினவுகின்றனர்.

நகைச்சுவை நம் மார்க்கத்திற்கு அந்நியமன்று. ஏறிச் செல்ல வாகனம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். அதில் சிரிப்பு உண்டு, பொய் இல்லை. பிறரைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவருக்கு ஹதீஸில் கடுமையான எச்சரிக்கை உள்ளது. மாணவர்களுக்கு நான் சொல்லும் விடை இவ்வளவே. ஆனால், அவர்கள் அடுத்துக் கேட்பது முனவ்வர் ஃபாரூக்கியைப் பற்றி.

குஜராத் மாநிலம் ஜூனாகத்தில் 1992 ஜனவரி 28 அன்று பிறந்தவர் முனவ்வர். சிறு வயதிலேயே தாயாரை இழந்து, மும்பையின் டோங்கிரிப் பகுதிக்கு வந்து, பாத்திரக் கடையில் வேலை பார்த்தவர். 2020இல் யூடியூபில் வெளியிட்ட நகைச்சுவை உரைகளால் பெயர் பெற்றார். அவருடைய பேச்சு முழுவதும் நம் இல்லத்துக் கூடத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்கத்தக்கதென்று நான் சொல்லமாட்டேன். பிற சமயத்தார் போற்றும் பெயர்களை அவர் வேடிக்கைக்கு எடுத்தாண்டதும் எனக்கு உவப்பானதன்று. அதன் பொருட்டு உத்தரப்பிரதேசத்தில் அவர்மீது ஏற்கெனவே ஒரு வழக்கும் இருந்தது.

எனினும் 2021 ஜனவரி முதல் நாளன்று இந்தூரில் நடந்தது வேறு. ஓர் உணவகத்தில் ஏற்பாடாகியிருந்த அவரது நிகழ்ச்சியில், சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மகனும் அவருடைய ஆட்களும் புகுந்து தடுத்தனர். இந்துக் கடவுளரையும் மத்திய அமைச்சர் அமித் ஷாவையும் இழிவுபடுத்தியதாகப் புகார் கொடுத்தனர். அன்று மேடையில் அவர் அவ்வாறு பேசியதற்குக் காணொளிச் சான்று கிட்டவில்லை. பேசும் நோக்கம் இருந்ததே போதும் என்ற ரீதியில் காவல்துறைத் தரப்பிலிருந்து விளக்கம் வந்தது! கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்பது நபிமொழியின் கருத்து. இங்கோ, எவரும் கேளாததற்கே கைவிலங்கு.

கீழ் நீதிமன்றங்கள் ஜாமீன் மறுத்தன. மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றமும் ஜனவரி 28 அன்று, அதாவது அவருடைய பிறந்த நாளன்றே, மறுத்தது. உச்சநீதிமன்றம் பிப்ரவரி 5 அன்று இடைக்கால ஜாமீன் வழங்கியது. குற்றச்சாட்டுகள் தெளிவற்றவை என்பதும், கைது செய்வதற்கு முன் பின்பற்ற வேண்டிய முறைகள் பின்பற்றப்படவில்லை என்பதும் அங்கே எடுத்துக்காட்டப்பட்டன. 37 நாட்கள் சிறையிலிருந்த பின்னர் வெளியே வந்தார்.

வெளியே வந்தும் வாய் திறக்க இடமில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 12 நிகழ்ச்சிகள் ரத்தாயின. நவம்பர் 28 அன்று பெங்களூரில் நடக்கவிருந்ததைச் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிக் காவல்துறை நிறுத்தச் சொன்னது. மிரட்டியவர்களை விட்டுவிட்டு மிரட்டப்பட்டவரை வீட்டிலிருக்கச் சொல்லும் இந்த நியாயம் நமக்குப் புதிதன்று. இனி நிகழ்ச்சியே வேண்டாம் என்று அவர் விடைபெறும் தொனியில் எழுதியது அப்போதுதான். 2022 ஆகஸ்டில் ஹைதராபாதில் பலத்த காவலுடன் அவர் மேடையேறினார். அதே மாத இறுதியில் தில்லியில் அனுமதி மறுக்கப்பட்டது.

பிறகு தொலைக்காட்சி அவரை அள்ளிக்கொண்டது. 2024இல், அதே ஜனவரி 28 அன்று, இந்தி 'பிக் பாஸ்' 17ஆம் பருவத்தின் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். அந்நிகழ்ச்சியைக் குடும்பத்தோடு பாருங்கள் என்று பரிந்துரைக்க நான் வரவில்லை. மாணவர்கள் அந்தக் கோப்பையைத்தான் பேசுகிறார்கள். நான் அவர்களிடம் பேசுவது அந்த 37 நாட்களை. இந்தூரில் அவருடன் பிடிபட்டோரில் முஸ்லிமல்லாத இளைஞர்களும் இருந்தனர். அவர்களுள் சிலருக்கு ஜாமீன் கிடைத்தது முனவ்வர் வெளிவந்த பிறகுதான். அவர்களுடைய பெயர்களை என் மாணவர்களில் எவரும் அறிந்திருக்கவில்லை.