வல்லநாட்டு வெளிமான்

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையோரம் கிடக்கும் நமீபுப் பாலைவனத்தின் செம்மணற் குன்றுகளையும், அங்கே மந்தை மந்தையாய்த் திரியும் இரலைகளையும் பிள்ளைகுட்டிகளோடு போய்க் காணவேண்டும் என்னும் ஆசை, எங்கள் வண்டியூர்க் குடும்பங்களிலும் இக்காலத்தில் எழுந்திருக்கிறது. அந்த ஆசை நல்லதே. எனினும் கடல் கடக்குமுன், விடியலில் புறப்பட்டால் இரவுக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில், அக்காட்சிக்கு நெருங்கிய உறவுடைய ஒரு பிரதேசமும் ஒரு பிராணியும் நமக்கு வாய்த்திருப்பதை அறிந்துகொள்வது அவசியம்.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கங்களில் பரந்துள்ள தேரி மணலுக்கும் நமீபு மணலுக்கும், பரல்களின்மேல் படிந்த இரும்பு ஆக்ஸைடே செந்நிறத்தைத் தந்திருக்கிறது. தேரிக்கு வடமேற்கே, திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையை ஒட்டிய வல்லநாட்டுக் குன்றில், ஆப்பிரிக்கச் சமவெளியை நினைவூட்டும் குடைவேல மரங்களுக்கும் முட்புதர்களுக்கும் இடையே, வெளிமான்கள் மேய்கின்றன. அவற்றைக் காப்பதற்காகவே சுமார் 16 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவ்விடம் 1987ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்டது.

மான் என்று நாம் வழங்கினாலும், வெளிமான் புள்ளிமானின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆடுமாடுகளின் பெருங்குடும்பத்தில் இரலை வகையைச் சார்ந்தது. புள்ளிமானின் கிளைத்த கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்போ, எலும்புத் தண்டின்மேல் நகப்பொருளாலான உறை பூண்டு, கிளையின்றி, திருகித் திருகி ஆயுள் முழுதும் நிலைத்திருப்பது. நமீபில் துள்ளித் திரியும் ஸ்பிரிங்பாக் என்னும் இரலை இதன் நெருங்கிய ஞாதி.

ஆணாகிய கலைமானின் முதுகு வயதேற ஏறக் கரும்பழுப்பாகவோ கருமையாகவோ மாறும். பிணைகளும் குட்டிகளும் மங்கிய மஞ்சள் நிறமாயிருக்கும். கண்ணுக்கு முன்புறம் கரிய பிளவாகத் தோன்றும் சுரப்பியைக் கலைமான் முட்கிளையிலும் புல்நுனியிலும் உரசி, அதன் வாசனையால் தன் எல்லையை அறிவிக்கிறது. அவ்வெல்லைக்குள் பிணை வந்தால், முகத்தை உயர்த்தி, கொம்புகள் முதுகைத் தொடுமளவு தலையைச் சாய்த்து, சிற்றடி வைத்து அதைச் சுற்றிவரும் கம்பீரத்தைத் தொலைநோக்கியில் கண்டவர் எளிதில் மறவார்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்ல இப்பிராணியை விரட்டிப் பிடிக்கும் ஆற்றல் பெற்றிருந்த சிவிங்கிப்புலி, இந்தியாவில் அற்றுவிட்டதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்தே எட்டுச் சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டன. பகைவிலங்கை இழந்தபின் அதைத் திரும்பப் பெறுவது எவ்வளவு பிரயாசையானது என்பதற்கு இதுவே சான்று.

வெளிமானுக்குக் குகையும் இல்லை, வளையும் இல்லை. எட்டத்தில் வரும் அபாயத்தைக் கண்டு ஓடுவதற்கு இடங்கொடுக்கும் வெட்டவெளியே அதன் கோட்டை. ஆதலால் சீமைக்கருவேலம் அடைத்துவிட்ட பொட்டலும், தெருநாய்கள் புகுந்த மேய்ச்சல் நிலமும் அதற்கு உதவா. புல் முளைத்த வெளியைத் தரிசு என்று இகழ்ந்து, கட்டடமோ தோப்போ எழுந்தால்தான் நிலம் பயன்பட்டது என்று கருதும் மனப்பான்மையை முதலில் நாம் விடவேண்டும். பிள்ளைகளை வல்லநாட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், மானைக் காட்டுவதோடு நில்லாமல், அதைக் காத்து நிற்கும் அந்த வெறுவெளியின் அருமையையும் எடுத்துச் சொல்வார்களாக.