சிறு செலவுக்கு ஒரு தனிப் பை

இருபது ரூபாய்க்கு ஒரு மின்னிதழ், முப்பது ரூபாய்க்கு ஒரு ரீசார்ஜ் என இணையத்தில் செய்யும் சில்லறைச் செலவுகள் பாஸ்புக்கின் பக்கங்களை நிறைத்துவிடுவதாக வாடிக்கையாளர்கள் எங்களிடம் குறைப்படுவதுண்டு. இத்தகைய செலவுகளுக்கெனவே 2022 செப்டம்பரில் 'யுபிஐ லைட்' அறிமுகமானது. ரகசிய எண்ணை இட்டு ஒரு தொகையைக் கணக்கிலிருந்து இதற்கு மாற்றிக்கொண்டால், பின்னர் செய்யும் ஒவ்வொரு செலவுக்கும் அந்த எண் தேவைப்படாது. பாஸ்புக்கில் மாற்றிய தொகை மட்டுமே பதிவாகும்.

எண் கேட்காத இடத்தில் பாதுகாப்பு ஏது? வரம்புதான் பாதுகாப்பு. தொடக்கத்தில் ஒரு செலவுக்கு 200 ரூபாயும் மொத்த இருப்புக்கு 2,000 ரூபாயும் உச்சவரம்பாக இருந்தன. 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி இவற்றை 1,000, 5,000 என உயர்த்தியது. திறந்த நிலையில் கைப்பேசி பிறர் கையில் சிக்கினால், இந்த இருப்பு பறிபோகக்கூடும். கணக்கிலுள்ள சேமிப்பை எடுக்க ரகசிய எண் வேண்டும். ஆனால் இருப்பு குறைந்ததும் தானாக நிரப்பும் வசதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இவ்வேலி தாழ்ந்துவிடுகிறது. அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இவ்விருப்புக்கு வட்டியும் கிடையாது. ஆகவே வாரச் செலவுக்கு வேண்டிய ஐந்நூறு ரூபாயே பெரும்பாலோர்க்குப் போதுமானது. கைப்பேசியை மாற்றுமுன் இவ்வசதியை நிறுத்திவிடுங்கள். மீதித் தொகை கணக்குக்கே திரும்பிவிடும்.