ஆபரேஷன் அந்தப் பக்கம், பயிற்சி எந்தப் பக்கம்?

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு கபடியோ வாலிபாலோ ஆடப் போகும் இளைஞர்களுக்கு "முட்டியில ஜவ்வு போயிடுச்சு" என்ற பேச்சு புதிதல்ல. அதற்குப் பிறகு நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் சுளுக்கு எடுப்பவரிடம் போவார்கள். அடுத்து எண்ணெய்க் கட்டு. வீக்கம் வடிந்ததும் மறுபடி மைதானம். அங்கே முட்டி இன்னொரு முறை மடங்கி விழுந்த பிறகுதான் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குப் போய் ஸ்கேன் எடுத்து, ஆபரேஷன் செய்துகொள்வார்கள். தையல் பிரித்ததும் கையில் ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஓசூர் திரும்பியவருக்கு அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. சில வாரத்தில் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கும் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்.

இந்த இடைவெளிதான் ஆபத்து. ஜவ்வு என்று சொல்லப்படும் முட்டியின் முன்குறுக்குத் தசைநாரைச் சீரமைத்த பிறகு, அது உடம்போடு சேர்ந்து வலுவாகப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் தொடைத் தசை சூம்பிவிடும். நார்வேயில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் 51 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. நாள்கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். இதை அளந்து சொல்லப் படித்த ஆள் தேவை.

நல்ல பிசியோதெரபிஸ்டின் முதல் வாரப் பாடம் எளிமையாகவே இருக்கும். காலை நீட்டிப் படுக்கவைத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தச் சொல்வார். தொடையின் உட்பக்கத் தசை இறுகுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். இறுகாவிட்டால் அடுத்த பயிற்சிக்குப் போகமாட்டார். காகிதத்தில் அச்சிட்ட படம் இந்த வேலையைச் செய்யாது.

கவனக்குறைவு உயிரையே எடுக்கும் என்பதை 2022 நவம்பரில் சென்னையில் பார்த்தோம். ராணி மேரி கல்லூரியில் முதலாண்டு படித்த 17 வயது கால்பந்து வீராங்கனைக்குப் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முட்டி ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு போட்ட கட்டு இறுக்கமாக இருந்ததால் ரத்த ஓட்டம் நின்று, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. நவம்பர் 15 அன்று ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அவர் இறந்துபோனார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கட்டுப் போட்ட பின் வலி அடங்காமல் கூடிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ, குளிர்ந்து வெளுத்தாலோ காலை ரவுண்ட்ஸ் வரும் வரை காத்திருக்காதீர்கள். டியூட்டி டாக்டரை உடனே கூப்பிட்டுக் கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். புத்தூர்க் கட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இந்தப் பகுதிக்குத் தேவையான ஆட்கள் இந்தப் பகுதியிலிருந்தே படித்து வர வேண்டும். எந்தப் படிப்பில் சேர்வது என்பதில்தான் மாணவர்களும் பெற்றோரும் ஏமாறுகிறார்கள். காயத்துக்குப் பிறகான சிகிச்சையைச் செய்ய பிபிடி என்ற பிசியோதெரபி பட்டம் வேண்டும். விளையாட்டுக் காயத்தில் சிறப்புப் படிப்பு அதற்குமேல் எம்பிடியில் வரும். மேலக்கோட்டையூரில் 2005 முதல் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும், போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் விளையாட்டு அறிவியல் படிப்புகள் உண்டு. அவை மதிப்புள்ளவை, ஆனால் பிசியோதெரபிப் பட்டம் அல்ல. "ஸ்போர்ட்ஸ் தெரபி, ஆறே மாதம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிட்டு, பிறகு நோயாளியைத் தொட உரிமையில்லை என்று தெரிந்துகொள்வது கொடுமை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிகள் பிசியோதெரபியைத் தொலைதூரக் கல்வியில் நடத்தக் கூடாது என்கின்றன. 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்கள் சட்டம் இந்தத் தொழிலையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே எல்லைக்கு எந்தப் பக்கம் சேர்ந்தாலும், கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருக்கிறது, நேரடிப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனை என்று கேட்டு, அதை அந்தப் பல்கலைக்கழகத்திலேயே சரிபாருங்கள். கல்லூரியை விட்டு விலகும் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்பதும் மானியக் குழுவின் விதி.

சிகிச்சையில் தவறு நடந்திருந்தால் என்ன செய்யலாம்? முதலில் ஆவணங்களைக் கேளுங்கள். மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எல்லையோர மக்களுக்குப் பெரிய ஆறுதல் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம். பெங்களூரில் காசு கொடுத்துச் சிகிச்சை பெற்றிருந்தாலும், ஓசூரில் குடியிருப்பவர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக்கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே நடந்த தவறுக்கு மருத்துவக் கவுன்சிலிடமும் சுகாதாரத் துறையிடமும் புகார் கொடுக்கலாம்.

சம்பளம் போய்விடுமே என்ற பயத்தில் பலர் பயிற்சியைப் பாதியில் விடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள், ஒப்பந்தத் தொழிலாளிகளும்கூட, மைதானத்தில் பட்ட காயத்துக்கும் நோய்ப்படி கேட்கலாம். குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருந்து, இஎஸ்ஐ மருத்துவர் சான்று தந்தால், தினக்கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபி கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். அடிபட்ட ஆட்டக்காரர்களுக்கும் ஊருக்கு அருகிலேயே அந்தச் சேவை கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

அதுவரை, ஆபரேஷன் தேதி குறிக்கும் நாளிலேயே டாக்டரிடம் கேளுங்கள்: ஓசூரில் யாரிடம் பயிற்சி, வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மாதம், எவ்வளவு செலவு? பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.