செட்டிநாட்டு வீட்டுக்குள்ள தோட்டம் எங்கே?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு கேள்வி வந்துச்சு: "காரைக்குடி போறோம். புதுப்பிச்ச பழைய பங்களா, கூடவே பெரிய தோட்டம், அந்த மாதிரி எங்க பார்க்கலாம்?" நியாயமான கேள்வி. நானும் முதல் தடவை வலையபட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப இதைத்தான் தேடினேன். பெரிய கேட், புல்வெளி, நடுவுல ஃபவுண்டன்னு ஒரு நினைப்பு. அங்க இருந்த ஆச்சி சிரிச்சுட்டாங்க. "தோட்டமா? உள்ள வாங்க தம்பி, காட்டுறேன்"னு நேரா வளவுக்குக் கூட்டிட்டுப் போய் மேல கையைக் காட்டினாங்க. வானம்!

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படின்னு வரிசையா போகும். முன்வாசல்ல நின்னா பின்வாசல் வெளிச்சம் தெரியும். மரம், கிணறு, மாட்டுக்கொட்டில் எல்லாம் கடைசியில, பின்பக்கத்துல. தோட்டம்னு சொல்றது அதைத்தான். வேப்பமரம், கறிவேப்பிலை, கொஞ்சம் வாழை. அழகுக்கு இல்ல, தேவைக்கு.

ஏன் இப்படி? இது வறண்ட பூமி. வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. பர்மாவுல இருந்து தேக்கைக் கப்பல்ல கொண்டுவர முடிஞ்சவங்களால தண்ணியைக் கொண்டுவர முடியாதே! அதனால மழையைப் பிடிக்கவே வீட்டைக் கட்டினாங்க. ஓட்டுக் கூரை உள்பக்கமா முற்றத்தைப் பார்த்துச் சாயும். ஓரத்துல தகரக் குழாய், கீழ அண்டா. அண்டா நிறைஞ்சா மிச்சம் வடிகால் வழியா தெருவுக்கு, தெருவுல இருந்து ஊருணிக்கு. ஊரோட தெருக்களையே அந்த வாட்டத்துக்குத்தான் நேர் நேரா போட்டிருக்காங்க.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு லிட்டர். முற்றத்தைப் பார்த்த கூரை 500 சதுர மீட்டர்னு வெச்சுக்குவோம். ஒரு ராத்திரி 50 மில்லிமீட்டர் பெய்தா 25,000 லிட்டர். நம்ம அபார்ட்மெண்டுக்கு வர்ற தண்ணி லாரி ரெண்டு!

இப்ப புதுப்பிக்கிற கதைக்கு வருவோம். கொத்தமங்கலத்துல சாரதா விலாஸ், பிரான்ஸிலிருந்து வந்த ரெண்டு கட்டடக் கலைஞர்கள் மீட்டெடுத்து ஹோட்டலா நடத்துறாங்க. கானாடுகாத்தான்ல விசாலம், ஒரு அப்பா தன் மகளுக்காகக் கட்டின வீடு, இப்ப அதுவும் ஹோட்டல். 2014-ல செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல இடம்பிடிச்சுது. ஆனா தற்காலிகப் பட்டியல் வீட்டைக் காப்பாத்தாது.

பிரச்சினை சொத்துல இருக்கு. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர். ஓடு மாத்தணும்னா எல்லாரும் சம்மதிக்கணும், எல்லாரும் பணம் போடணும். ஒரு ஓடு உடைஞ்சா தண்ணி மரத்துல இறங்கும், உத்தரம் உளுத்துப்போகும். அப்புறம் பிரிச்சு விக்கிறதுதான் சுலபம்னு தோணும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய பொருள் கடைகளைப் பாருங்க: தூண், நிலைக்கதவு, ஜன்னல். ஒவ்வொண்ணும் ஒரு வீட்ல இருந்து வந்ததுதானே. நானும் ஒரு பித்தளைக் கிண்ணம் வாங்கினேன், மறைக்க வேண்டாம். வாங்கினதுக்கு அப்புறம்தான் உறுத்துச்சு.

ஹோட்டல் ஆனதுல எனக்கு ஒரு குறை. சில இடங்கள்ல பின்கட்டுத் தோட்டத்துல புல்வெளி போட்டு தினமும் தண்ணி விடுறாங்க. மழையைப் பிடிக்கக் கட்டின வீட்ல இது கொஞ்சம் முரண்தான். ஆனா பூட்டிக் கிடந்து இடியறதை விட இது எவ்வளவோ மேல். கூரை ஒழுகாம இருக்கே!

போறவங்களுக்கு: தங்க வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டாலும் சில வீடுகள்ல சுத்திக்காட்டுவாங்க. ஆளிருக்கிற வீடுகள்ல கேட்காம நுழையாதீங்க, செருப்பை வெளியிலயே விடுங்க. வளவுல பத்து நிமிஷம் உட்காருங்க. அப்புறம் வெளியில வந்து, வடிகால் எங்க போகுதுன்னு பார்த்துட்டே நடங்க, ஊருணி வந்துடும். சில ஊர்ல படித்துறையோட தண்ணி நிக்கும், சில ஊர்ல கருவேலம் நிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில போனா நல்லது. மழை பெய்தா திட்டத்தை மாத்தாதீங்க, குடையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க.