கூர்மையின் முதல் வாசல் காது

மூளையைக் கூர்மையாக வைத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்று கேட்டால், குறுக்கெழுத்து, சுடோகு, கைபேசி விளையாட்டு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அவற்றில் தீங்கில்லை. ஆனால் அவற்றின் பயன் நாம் நம்பும் அளவுக்குப் பெரிதல்ல. அமெரிக்காவில் 2,832 முதியவர்களைக் கொண்டு நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வில், நினைவாற்றல் பயிற்சி பெற்றவர்கள் நினைவாற்றலிலும் தர்க்கப் பயிற்சி பெற்றவர்கள் தர்க்கத்திலும் முன்னேறினார்கள்; ஒன்றில் பெற்ற தேர்ச்சி மற்றொன்றுக்குப் பரவவில்லை. மறதிநோய் அபாயம் குறைவதற்கான தடயங்கள் பார்வைக் கவனத்தை விரைவுபடுத்தும் பயிற்சிக்கு மட்டும் கிடைத்தன. மூளை விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்று போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அந்நாட்டு வணிக ஆணையம் குற்றம்சாட்டியபோது, 2016இல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் உழைப்பாளர் வட்டாரத்துக்குப் புதிர்களைவிட அடிப்படையான ஒரு பழக்கம் தேவை. அது காதைக் காப்பது.

மறதிநோய் பற்றிய லான்செட் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை முழுமையாகச் சரிசெய்ய முடிந்தால், உலகில் ஏற்படும் மறதிநோயில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. அந்தப் பட்டியலில் மிகப் பெரிய பங்கு இரண்டுக்கு: நடுவயதில் உயரும் கெட்ட கொழுப்பு 7 சதவீதம், செவித்திறன் இழப்பு 7 சதவீதம். அடுத்த நிலையில், குறைந்த கல்வியும் தனிமையும் தலா 5 சதவீதம். இவை மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு. தனி ஒருவருக்கான உறுதிமொழி அல்ல. என்றாலும், 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கும் நம் நாட்டில், இந்த வரிசையைப் புறந்தள்ள முடியாது.

காதுக்கும் சிந்தனைக்கும் என்ன தொடர்பு? உட்செவியின் சுருளில் ஒலியை நரம்பு மொழியாக மாற்றும் மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான் உள்ளன. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் சுருதிகளை. உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் உரக்க ஒலிப்பதால் அவை தப்பிவிடுகின்றன. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்யொலிகள் மங்குகின்றன. கடையா, தடையா, படையா என்று பிடிபடாது. குரல் கேட்கும், பேச்சு புரியாது. விட்டுப்போன ஒலிகளை ஊகித்து நிரப்புவதிலேயே மூளையின் ஆற்றல் செலவாகிறது. கேட்டதை நினைவில் வைக்கவும் பதிலை யோசிக்கவும் மிச்சம் குறைகிறது. தூண்டுதல் குறைந்த மூளைப் பகுதிகள் சுருங்குவதையும் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. மூன்றாவது வழிதான் நம் கண்முன் நடப்பது: ‘என்ன, என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கக் கூசி, மனிதர் மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுகிறார்.

வடசென்னைக்கு இந்த அறிவியல் ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதை அதன் வரலாறே சொல்லும். 1881இல் செயல்படத் தொடங்கிய சென்னைத் துறைமுகம், 1940களின் இறுதியில் எண்ணூருக்கு வந்த அசோக் மோட்டார்ஸ், 1955இல் நிறுவப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலை, 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் எனத் தலைமுறை தலைமுறையாக இங்கே பிழைப்பு இயந்திரத்தோடுதான். லேத் பட்டறை, கண்டெய்னர் யார்டு, காசிமேட்டு விசைப்படகின் டீசல் என்ஜின், லாரி ஓட்டுநரின் கேபின் என இரைச்சல் இங்கே வேலையின் ஒரு பகுதி. இந்தியத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை என்பதே நெடுங்கால வரம்பு. அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 85 டெசிபல். டெசிபல் கணக்கில் 3 கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகும் என்பதால், அந்த நிறுவனத்தின் அளவுகோலில் 88 டெசிபலில் 4 மணி நேரமும் 91 டெசிபலில் 2 மணி நேரமும்தான் பாதுகாப்பானவை. சட்டம் அனுமதிக்கும் இரைச்சலே, முழு ஷிப்டாக ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் காதைக் கெடுக்க வல்லது.

இதே வட்டாரத்தில்தான் மூளைக்கு நல்லவை என்று ஆய்வுகள் சொல்லும் பழக்கங்கள் தெருவிலேயே கிடைக்கின்றன. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயது கடந்த 469 பேரைப் பின்தொடர்ந்து ஜோ வர்கீஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்தது. 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவை உருவாக்கிய வடசென்னை மன்றங்களுக்குப் பலகையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹைதராபாதில் மறதிநோய் கொண்ட 648 பேரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. தமிழும் தெலுங்கும் உருதும் புதிதாக வந்த தொழிலாளர்களின் இந்தியும் கலந்து புழங்கும் தெருக்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் பலகையைச் சுற்றிய பேச்சு, மீன் ஏலத்தின் விலைக்கூவல், அடுத்த வீட்டாரின் மொழி ஆகியவை உள்ளே வரும் வழி காதுதான். அந்த வழி அடைபட்டால் மற்றவை கைக்கெட்டும் தூரத்திலிருந்தும் பயனில்லை.

காது மந்தமாவதும் மறதியும் முதுமையில் சேர்ந்து வருபவை, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடிய ‘அச்சீவ்’ ஆய்வு 70 முதல் 84 வயது வரையிலான 977 அமெரிக்கர்களில் பாதிப் பேருக்குச் செவிக்கருவியும் ஆலோசனையும் அளித்து மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2023இல் வெளியான முடிவின்படி, ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சிந்தனைத் திறனின் சரிவில் தெளிவான வேறுபாடில்லை. ஆனால் இதயநோய் அபாயங்கள் மிகுந்து, ஏற்கெனவே வேகமான சரிவை எதிர்நோக்கியிருந்த பிரிவினரிடம் அந்தச் சரிவு 48 சதவீதம் குறைந்தது. ஆகவே கருவி எல்லோருக்குமான மாயமருந்து அல்ல. அபாயம் கூடியவர்களுக்கே அது கூடுதலாக உதவுகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரவலாகிவிட்ட, புகைப்பழக்கமும் விட்டுப்போகாத ஓர் உழைப்பாளர் வட்டாரம் எந்தப் பிரிவுக்கு நெருக்கமானது என்பதை யூகிப்பது கடினமல்ல.

இன்னொரு மறுப்பு இன்னும் கனமானது. இரைச்சலைத் தேர்ந்தெடுத்தவர் தொழிலாளி அல்ல. அவரிடம் போய்ப் பழக்கத்தை மாற்றச் சொல்வது பழியை இடம் மாற்றுவதாகாதா? ஆகும், அதோடு நின்றுவிட்டால். லான்செட் பட்டியலில் 3 சதவீதப் பங்குள்ள காற்று மாசை எண்ணூரில் வாழும் ஒருவர் தன் பழக்கத்தால் அகற்ற முடியாது. அனல்மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் அரசுக்கும் உரிய கடமை அது. இரைச்சலும் அப்படியே. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாக இடம்பெற்றது. இயந்திரத்தின் ஒலியைக் குறைப்பதும், காதுக்காப்பு தருவதும், ஆண்டுதோறும் செவிச் சோதனை நடத்துவதும் சலுகைகள் அல்ல. நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைப்பது ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவதையும் மூளை காக்கும் பழக்கங்களில் ஒன்றாகவே எண்ண வேண்டும்.

நம் கையில் இருப்பவையும் குறைவல்ல. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தில் காதடைப்பான் அவசியம். வேலை முடிந்த பிறகும் காதில் ‘ஙொய்’ என்ற ஒலி நீடித்தால், அது காது விடும் எச்சரிக்கை. பகலெல்லாம் இரைச்சலில் இருந்த காதில், பஸ் பயணத்தில் ஹெட்போனை முழு ஒலியில் வைப்பது ஓய்வைப் பறிக்கிறது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டுக்கே கொண்டுவரும் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை விடாமல் சாப்பிடுவதும் மூளையின் நுண்குழாய்களைக் காக்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் செவிக்கருவியும் உண்டு.

மீதியிருப்பது கூச்சம். கண்ணாடி அணிய வெட்கப்படாத நாம் ‘காது மிஷின்’ வைத்துக்கொள்ளத் தயங்குகிறோம். வீட்டில் ஒருவருக்குக் காது மந்தமானால் அதைக் கேலியாக்குகிறோம். அவரோ வலிக்காத ஒரு குறைக்காக மருத்துவரிடம் போவதில்லை, பேச்சிலிருந்து விலகிப்போகிறார். எனவே மூளையைக் கூர்மையாக்கும் பழக்கங்களில் ஒன்று குடும்பத்தின் கையில் இருக்கிறது. டிவியின் ஒலியைக் குறைத்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அலுத்துக்கொள்ளாமல் வேறு சொல்லில் திரும்பச் சொல்லுங்கள். அப்படியும் புரியவில்லை என்றால் சோதனைக்கு அழைத்துப் போங்கள். பேச்சில் இடம் இருக்கும்வரை, யோசிக்கவும் நினைவில் வைக்கவும் பதில் சொல்லவும் ஒருவருக்கு நாள்தோறும் காரணம் இருக்கும். அதைவிடச் சிறந்த மூளைப் பயிற்சியை எந்தக் கைபேசி விளையாட்டும் தந்துவிட முடியாது.